போராட்டங்களின் நடுவே விசுவாசத்தில் வளர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையின் வேதபாட வகுப்பிலும், வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்திலும், மருத்துவமனை வராந்தாவிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல கேள்விகள் தாழ்ந்த குரலில், "இப்படிக் கேட்கலாமா தெரியவில்லை" என்ற முன்னுரையோடு வருபவை. அப்படித் தயங்கிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என் வாழ்க்கையில் தொடர்ந்து துன்பம் வருகிறது. நான் செய்த பாவமோ, முன்னோர் வழியாக வந்த சாபமோ இதற்குக் காரணமா?

இந்தக் கேள்வியைச் சீஷர்களே கேட்டிருக்கிறார்கள். பிறவிக் குருடனாகிய ஒருவனைக் கண்டு, இவன் குருடனாய்ப் பிறந்ததற்கு யார் பாவம் காரணம், இவனா இவன் பெற்றோரா என்று அவர்கள் வினவியபோது, இருவருமே காரணமல்ல என்று இயேசு மறுத்தார் (யோவான் 9). சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்த செய்தியையும் அவர் எடுத்துப் பேசினார். இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப் பார்க்கிலும் குற்றவாளிகள் என்று நினைக்கக்கூடாது என்பதே அவர் சொன்னது. பிழைத்திருக்கிறவர்களே மனந்திரும்பட்டும் என்று, கேள்வியைக் கேட்பவர்கள் பக்கமே திருப்பிவிட்டார் (லூக்கா 13). ஆகவே ஒருவருடைய துன்பத்தை வைத்து அவருடைய பாவத்தின் அளவைக் கணக்கிட எவருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை.

அதற்காகச் செயலுக்கும் விளைவுக்கும் தொடர்பே இல்லை என்று வேதம் சொல்லவில்லை. குடிப்பழக்கத்தால் கெட்ட உடல்நலமும், பொய்யினால் முறிந்த உறவும் காரணம் தெரிந்த துன்பங்கள்; அவற்றுக்குக் காரணம் தேட வெளியே போக வேண்டியதில்லை, அறிக்கையிட்டுத் திரும்பினால் போதும். காரணம் தெரியாத துன்பத்திற்குப் பாவத்தை வலிந்து கண்டுபிடிப்பதுதான் தவறு.

முன்னோர் சாபத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். குழந்தையில்லாத தம்பதியரிடமும், வேலை அமையாத இளைஞரிடமும், "உங்கள் குடும்பத்தில் சாபக்கட்டு இருக்கிறது, அதை முறிக்க விசேஷ ஜெபம் வேண்டும்" என்று சொல்லி, அவர்களுடைய பயத்தின்மேல் ஊழியம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 தெளிவாகச் சொல்லுகிறது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்பது கலாத்தியர் 3:13. சிலுவையில் முறிக்கப்பட்டதை இன்னொருவர் வந்து தவணை முறையில் முறிக்கத் தேவையில்லை.

தேவனிடம் "ஏன்?" என்று கேட்பது அவிசுவாசம் ஆகாதா? விசுவாசி எப்போதும் ஸ்தோத்திரம்தானே சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விதான் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். நம்முடைய ஆராதனைகளில் துதிக்கு இடம் உண்டு, சாட்சிக்கு இடம் உண்டு, விண்ணப்பத்திற்கும் இடம் உண்டு. புலம்பலுக்கு மட்டும் இடம் இல்லை. சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர், பிரச்சினை முடிந்த பிறகே எழுந்து நிற்க முடிகிறது. இன்னும் நடுவில் நிற்பவர் வாயைத் திறப்பதில்லை. இதனால், துன்பத்தில் இருக்கும்போது பேசுவதற்கு நமக்குச் சொற்களே இல்லாமல் போய்விட்டன.

வேதத்தில் அந்தச் சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. வேதத்தின் ஜெபப் பாடல்களாகிய 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீட்டுச் சங்கீதங்கள். புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது. தான் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக என்று எரேமியா சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. பாவமில்லாதவர் "ஏன்" என்று கேட்டிருக்கும்போது, அந்தச் சொல்லே பாவம் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனாலும் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததை வேதம் கண்டிக்கிறதே என்று ஒரு சகோதரி கேட்டார். சரியான கேள்வி. உபாகமம் 1:27-ஐக் கவனித்துப் பாருங்கள்: அவர்கள் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்து, கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று சொன்னார்கள். அதாவது, தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள், தேவனோடு பேசவில்லை. சங்கீதக்காரனோ அதைவிடக் கடுமையான சொற்களைக்கூடத் தேவனுடைய முகத்துக்கு நேராகவே பேசுகிறான். முறுமுறுப்பு தேவனுக்கு முதுகைக் காட்டும். புலம்பல் முகத்தைத் திருப்பாது. உங்கள் மனக்கசப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எப்படி முறையிடுவது? அதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள்; ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, தேவன் மறைந்திருப்பது, உள்ளத்தின் ஓயாத சஞ்சலம், எதிராளியின் கை ஓங்குவது ஆகிய மூன்று வலிகளும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. அடுத்த இரண்டு வசனங்களில், நோக்கிப் பாரும், செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும் என்று கேட்க வேண்டியதைக் கேட்கிறான். அதற்குப் பிறகே கடைசி இரண்டு வசனங்களில், தேவனுடைய கிருபையின்மேல் வைத்த நம்பிக்கை வருகிறது.

இந்த வரிசையை நாம் பெரும்பாலும் தலைகீழாக்கிவிடுகிறோம். கடைசி இரண்டு வசனங்களை முதலில் சொல்லிவிட்டு, முதல் நான்கு வசனங்களை விழுங்கிவிடுகிறோம். விழுங்கியது உள்ளே போய்த் தூக்கமின்மையாகவும் எரிச்சலாகவும் பிள்ளைகள்மேல் பாயும் கோபமாகவும் வெளிவருகிறது.

செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு நோட்டுப்புத்தகத்தில், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று எழுதி, அந்த வாக்கியத்தை உங்கள் சொந்த வலியைக் கொண்டு முடியுங்கள். "எதுவரைக்கும் என் மகன் என்னோடு பேசாமல் இருப்பான்?" "எதுவரைக்கும் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குப் பிறகு நான் கடன் கேட்டு நிற்பேன்?" மழுப்பாமல் எழுதுங்கள். அதன் கீழே, இன்று தேவன் செய்ய வேண்டும் என்று நீங்கள் விரும்பும் ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். நம்பிக்கையின் வாக்கியம் அன்றைக்கு வரவில்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். அதைக் கட்டாயப்படுத்தி எழுதுவதைவிட வெறுமையாக விடுவது நேர்மையானது. 88-ஆம் சங்கீதம் அப்படித்தான் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தின் பகுதியே.

எழுதவும் முடியவில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. என்ன செய்வது?

மற்றவர்களுடைய சொற்களைக் கடன் வாங்குங்கள். ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பது ஜெபம்தான். நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சொன்ன ஒரே வரி போதுமானதாக இருந்தது. அரைகுறை விசுவாசம் என்று சொல்லி இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அதுவும் இயலாத நாட்களில், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8:26-ஐ நினைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லை. என் விசுவாசம் குறைவானதா?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, அதை வேதாகமத்துக்குள்ளோ புதிய கணக்குப் புத்தகத்துக்குள்ளோ வைக்கும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதனால் ஆறுதல் பெற்றவர்கள் பலர். ஆனால் அட்டையில் ஒரு வசனம் மட்டுமே இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை இருக்கமாட்டா.

மிகுதியாக அச்சிடப்படும் எரேமியா 29:11-ஐப் பாருங்கள்: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனம், எழுபது வருஷம் நிறைவேறினபின்பே தேவன் அவர்களைச் சந்திப்பார் என்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் நடுவயதைக் கடந்தவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை என்பதே அதன் பொருள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை என்ன? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள். தேவன் பெயரில் பொய்யாய்த் தீர்க்கதரிசனம் சொல்லி வஞ்சிக்கிறவர்களுக்கு இடங்கொடாதிருங்கள் என்ற எச்சரிக்கையும் அதே கடிதத்தில் இருக்கிறது.

ஆகவே அட்டையில் உள்ள வசனத்தை, அந்த ஆண்டுக்குள் நிறைவேற வேண்டிய ஒப்பந்தமாக எண்ணாதீர்கள். அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். உங்களுக்கு உரிய ஆறுதல் அட்டையில் அச்சாகாத வசனத்தில் இருப்பதற்கு இடமுண்டு. உங்கள் விசுவாசம் குறைந்துபோனதால் தேவன் சொல் தவறிவிட்டார் என்று யாராவது சொன்னால், பவுலை நினைவூட்டுங்கள். தம் மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி அவர் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதாது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பது தேவனை நம்பாததற்கு அடையாளமா?

இல்லை. தீர்க்கதரிசியாகிய எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்டபோது, அவரைத் தட்டியெழுப்பிய தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை; கண்டிக்கவும் இல்லை. தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் அவர் தலைமாட்டில் இருந்தன. அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அப்போதும் தூதன் அவரைக் கடிந்துகொள்ளாமல், இரண்டாம் முறையும் உணவு கொடுத்து, பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். தேவன் அவரோடு பேசியது அதற்குப் பிறகு நாற்பது நாள் கழித்துத்தான் (1 இராஜாக்கள் 19). உடல் தளர்ந்திருக்கும் மனிதனுக்கு முதலில் தேவைப்படுவது உணவும் உறக்கமும் என்பதை உண்டாக்கினவர் அறிந்திருக்கிறார்.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமற்றுப் போனால், ஜெபத்தோடு மருத்துவரிடமும் போங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவரிடம் யாரும் விசுவாசக் கணக்குக் கேட்பதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கினால் காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். ஜெபக்கூட்டத்தில் யாராவது "மாத்திரையை நிறுத்திவிடு" என்று சொன்னால், அவர் உங்கள் மருத்துவர் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரே பாவத்தில் மீண்டும் மீண்டும் விழுகிறேன். இனி மன்னிப்புக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

பெரும்பாலும் இந்தக் கேள்வி கைப்பேசியில் பார்க்கும் ஆபாசத்தைப் பற்றியது, அல்லது குடியையோ இணையச் சூதாட்டத்தையோ பற்றியது. இப்படிப்பட்ட பழக்கங்களுக்கு இருட்டுதான் உரம். "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" என்கிறது நீதிமொழிகள் 28:13. தேவனிடம் மட்டும் நூறு முறை அறிக்கையிட்டும் விடுதலை வராதவர்கள், யாக்கோபு 5:16-ஐச் செய்துபார்க்காதவர்களாகவே பெரும்பாலும் இருக்கிறார்கள்: "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." சபை முழுவதற்கும் சொல்ல வேண்டாம். வாயைக் காக்கத் தெரிந்த, உங்களைவிட வயதில் மூத்த, உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஒருவரிடம் சொல்லுங்கள். விழுந்த அன்றைக்கே சொல்லுவது என்று அவரோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். தன்னை இச்சித்து அழைத்த போத்திபாரின் மனைவிக்கு முன்னால் யோசேப்பு நின்று ஜெபிக்கவில்லை. அங்கியை விட்டுவிட்டு ஓடினான்.

நூறாவது முறை விழுந்தபின் எழுந்திருப்பதும், முதல் முறை எழுந்ததைப் போலவே கிருபையினால்தான். ஒரு நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்படுகிற சகோதரனை மன்னிக்கும்படி நமக்குக் கட்டளையிட்டவர், தாம் அதற்குக் குறைவாக மன்னிப்பார் என்று நினைக்க இடமில்லை.

என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுமையாகச் சகிப்பதுதான் சிலுவை சுமப்பது என்று சொல்லுகிறார்கள். உண்மையா?

உண்மையல்ல. அம்மா, இதை நீங்கள் முதலில் நம்ப வேண்டும். ராஜாவாகிய சவுல் கொல்ல நினைத்து ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினான். சவுலை அவன் பழிவாங்கவில்லை, ஆனால் ஈட்டிக்கு முன்னால் மீண்டும் வந்து உட்காரவும் இல்லை. பவுலைச் சாட்டையால் அடிக்க வாரினால் கட்டியபோது, ரோமனும் நியாயம் விசாரிக்கப்படாதவனுமாகிய மனுஷனை அடிப்பது நியாயமா என்று கேட்டு, சட்டம் தமக்குக் கொடுத்த பாதுகாப்பை அவர் பயன்படுத்தினார். மனைவிகளுக்குக் கீழ்ப்படிதலைச் சொல்லும் 1 பேதுரு 3-ஆம் அதிகாரமே, மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யாத கணவனுடைய ஜெபம் தடைபடும் என்றும் சொல்லுகிறது. அந்த ஏழாம் வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டும் பொறுப்பு சபை மூப்பர்களுடையது.

பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவது விசுவாசத் துரோகம் அல்ல. மன்னிப்பதும் அதே வீட்டுக்குள் இருப்பதும் ஒன்றல்ல. இந்தியாவில் 181 என்ற பெண்களுக்கான உதவி எண் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீட்டில் தங்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் தருகிறது. "வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது" என்று சொல்லும் ஊழியரிடம் இரண்டாவது முறை ஆலோசனை கேட்காதீர்கள்.

கடன் தொல்லைக்கு வேதத்தில் வழி உண்டா?

கணவனை இழந்து, கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோக வந்தபோது தீர்க்கதரிசியாகிய எலிசாவிடம் ஓடிய பெண்ணுக்கு அற்புதம் நடந்தது. எண்ணெய் பெருகியதும் அவளுக்குக் கிடைத்த அடுத்த கட்டளை, அதை விற்றுக் கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு ஜீவனம்பண்ணு என்பது (2 இராஜாக்கள் 4). அற்புதமும் கணக்கும் ஒன்றாகவே வந்தன. எனவே யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதி, அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். ஒரு கடனை அடைக்க அதைவிட வட்டி கூடிய இன்னொரு கடனை வாங்காதீர்கள். கடன் தீர வேண்டுமானால் பெரிய தொகையை விதைப்புக் காணிக்கையாகக் கொடு என்று சொல்லுகிறவருக்குச் செவிகொடுக்காதீர்கள்; எலிசா அந்த விதவையிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாரே தவிர, தமக்கு என்ன தருவாய் என்று கேட்கவில்லை.

துன்பத்தில் இருக்கிறவரைப் பார்க்கப் போகிறோம். என்ன சொல்ல வேண்டும்?

பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து நோயுற்ற யோபுவின் நண்பர்கள் ஏழுநாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே சிறந்த காரியம் அதுதான். பேசத் தொடங்கியபின் அவர்கள் சொன்னவை பெரும்பாலும் வசனம் போலவே ஒலிக்கும் நல்ல வாக்கியங்கள். ஆனால் கடைசியில், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று தேவன் அவர்களைக் கடிந்துகொண்டார். புலம்பியவர் சரியாகப் பேசினார், தேவனுக்காக வாதாடியவர்கள் தவறாகப் பேசினார்கள் என்ற அந்தத் தீர்ப்பை நான் வாசிக்கும்போதெல்லாம் பயம் வருகிறது.

எனவே துக்க வீட்டில், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று சொல்லும் ரோமர் 8:28-ஐ முதல் நாளே எடுக்காதீர்கள். அது உண்மையான வசனம். துன்பப்படுகிறவர் தாமாக அதைச் சொல்லும் நாள் வரும். "தேவனுக்கு இன்னொரு தூதன் தேவைப்பட்டான்" போன்ற, வேதத்தில் எங்கும் இல்லாத ஆறுதல்களை அறவே விட்டுவிடுங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுங்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு எல்லோரும் போய்விட்டபின், மூன்றாம் மாதத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். இயேசு லாசருவின் கல்லறைக்குப் போனபோது, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் கண்ணீர் விட்டார்.

நான் வளர்கிறேனா என்பதை எப்படி அறிவது?

உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்கிறார் பவுல் (ரோமர் 5). "பரீட்சை" என்றவுடன் நமக்குத் தேர்வு அறை நினைவுக்கு வருகிறது. மூலமொழிச் சொல், சோதிக்கப்பட்டுத் தேறிய தன்மையைக் குறிக்கிறது. உரைகல்லில் உரைத்து, இது பொன்தான் என்று தெரிந்துகொண்ட நிலை அது. உரைப்பதால் பொன் புதிதாக உண்டாவதில்லை, உள்ளது தெரியவருகிறது.

அது தெரியவரும் இடங்கள் சிறியவை. முன்பு ஒரு வாரம் நீடித்த கசப்பு இப்போது ஒரு நாளில் ஜெபமாக மாறுகிறதா? அடுத்தவர் துன்பத்தைக் கேட்கும்போது உடனே தீர்வு சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க முடிகிறதா? "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வருகிறதா? அழுகை நின்றுவிட்டதா என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

இந்தப் போராட்டம் என் வாழ்நாளில் முடியவே முடியாவிட்டால்?

அப்படியும் நடக்கலாம். எபிரெயர் 11-ஆம் அதிகாரம், விசுவாசத்தினால் சிங்கங்களின் வாய்களை அடைத்தவர்களைச் சொல்லும் அதே மூச்சில், வாளால் அறுக்கப்பட்டவர்களையும் சொல்லி, இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று முடிக்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் தோணாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல், 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்து காயமடைந்தார். அவர் குணமடைய வேண்டும் என்று பலர் ஜெபித்தார்கள். 1951-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே வலியோடு கழித்தார். அந்த அறையிலிருந்தே எழுதினார், அங்கே வந்த பிள்ளைகளோடு பேசினார். அவருடைய விருப்பப்படி கல்லறைக்குமேல் நினைவுக்கல் எதுவும் வைக்கப்படவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள்.